எண் இருக்கிறது, பெயர் எங்கே?

ஜெர்மன் சண்டைக் கல் நிற்கும் ஊர்களின் கிராம சபையாருக்கு ஒரு திறந்த மடல்

அன்பார்ந்த ஊர்ப் பெரியவர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே,

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்கு மாவட்டங்களாகப் பிரிந்திருக்கும் பழைய வட ஆர்க்காட்டில், ஜெர்மன் சண்டைக்கு, அதாவது முதல் உலகப் போருக்கு, போனவர்களின் நினைவாக வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த கல் எங்கெல்லாம் நிற்கிறதோ, அங்கெல்லாம் கிராம சபையில் வந்து உட்காரும் எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கோரிக்கை ஒன்றுதான். அந்தக் கல்லில் செத்தவர்களின் எண்ணிக்கை இருக்கிறது, பெயர் இல்லை. பெயர்களைத் தேடி எடுத்து, அதன் பக்கத்தில் இன்னொரு கல்லில் வெட்டி வையுங்கள். நூறு வருஷம் தாண்டிவிட்டதே, இனி எங்கே கிடைக்கப் போகிறது என்று கைவிட்டுவிடாதீர்கள். எல்லாப் பெயரும் கிடைக்காமல் போகலாம். ஆனால் தேடினால் கிடைக்கும். எங்கே தேடுவது என்பதையும் இந்த மடலிலேயே சொல்கிறேன்.

எந்தக் கல் என்று இளையவர்களுக்குச் சந்தேகம் வரலாம். சின்னதொரு வெள்ளைப் பளிங்குப் பலகை. சாவடிச் சுவரிலோ, பழைய பள்ளிக்கூட வாசலிலோ, ஊர் நடுவில் கட்டிய ஒரு சின்னத் தூணிலோ பதித்திருக்கும். ஆங்கிலத்தில் இரண்டு மூன்று வரி. வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டை அண்ணாந்து மணி பார்க்காத ஆள் நம் பக்கத்தில் இருக்க முடியாது. அதில் பதித்த பலகையைப் படித்தவர்கள் குறைவு. பெரும்போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், அவர்களில் 14 பேர் உயிர் விட்டார்கள் என்கிறது அது. திருச்சி காந்தி மார்க்கெட் பக்கத்து நினைவுத் தூணிலும் இதே வாசகம்தான். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் கார்வால் மலையிலும் உள்ள ஊர்களிலும் இதே வாசகம்தான். போர் முடிந்ததும் அரசாங்கம் ஒரே அச்சில் பலகைகளைச் செய்து, ஊரின் பெயருக்கும் இரண்டு எண்களுக்கும் மட்டும் இடம் விட்டு, ஊர் ஊராகப் பதித்தது. போனவர் இத்தனை, மாண்டவர் இத்தனை. அவ்வளவோடு முடிந்தது.

அந்த 14 பேர் யார்? யாருடைய மகன்கள்? எந்தத் தெரு? அந்தக் கல்லைக் கேட்டால் பதில் கிடையாது.

இது ஏதோ பலகையில் இடம் போதாமல் நேர்ந்தது என்று நினைத்துவிடாதீர்கள். செத்தவர்களைப் பெயரால் நினைப்பதா, எண்ணிக்கையால் நினைப்பதா என்று அன்றைக்கு உட்கார்ந்து முடிவு செய்தார்கள். 1917-இல் லண்டனில் இம்பீரியல் போர்க் கல்லறை ஆணையம் தொடங்கியது. இன்று அதற்குக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் என்று பெயர். பதவி, இனம், மதம் எதையும் பார்க்காமல் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நினைவுகூர்வோம் என்பதுதான் அதன் அடிப்படைக் கொள்கை. பிரான்சில் நவ் ஷப்பேல் என்ற ஊரில் அது எழுப்பி 1927-இல் திறந்துவைத்த இந்திய நினைவிடம் அந்தக் கொள்கைப்படி நடந்தது. அங்கே 4,700-க்கும் மேற்பட்ட இந்தியர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இரண்டு வருஷம் கழித்து, 1929-இல், ஈராக்கின் பாஸ்ராவில் அதே ஆணையம் இன்னொரு நினைவிடத்தைத் திறந்தது. மெசபடோமியாப் போர்முனையில் மாண்டு, கல்லறை தெரியாமல் போன 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்கான இடம் அது. அங்கே பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் உண்டு. இந்திய அதிகாரிக்குப் பெயர் உண்டு. இந்தியச் சிப்பாய்களுக்குப் பட்டாளம் வாரியாக எண்ணிக்கை மட்டும். இன்ன பட்டாளத்து அதிகாரி இன்னார், அவரோடு இன்னும் இத்தனை இந்தியச் சிப்பாய்கள் என்று எழுதி முடித்துவிட்டார்கள். ஐரோப்பாவில் நாலு பேர் வந்து பார்க்கும் இடத்தில் பெயர், ஆசியாவின் பாலைவனத்தில் கணக்கு. இரண்டும் ஒரே ஆணையத்தின் வேலை, ஒரே பட்டாளத்து ஆட்கள்.

அந்த ஆணையத்தில் இலக்கிய ஆலோசகராக இருந்தவர் ருட்யார்ட் கிப்ளிங். செத்தவர்களின் பெயர் என்றும் வாழும் என்று பொருள்படும் வாசகத்தைக் கல்லறைத் தோட்டங்களின் பெருங்கற்களுக்குத் தேர்ந்து கொடுத்தவரும் அவர்தான். அவருடைய ஒரே மகன் 1915-இல் லூஸ் போர்க்களத்தில் காணாமல் போனான். தகப்பன் உயிரோடு இருந்தவரை உடல் அடையாளம் தெரியவில்லை. ஆனால் மகனின் பெயர் பிரான்சில் ஒரு கல்லில் ஏறியது. உடல் கிடைக்காத தகப்பனுக்கு அந்தப் பெயர் என்ன ஆறுதல் தந்திருக்கும் என்று பிள்ளை பெற்ற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. போளூரிலும் ஆரணியிலும் செய்யாற்றிலும் இருந்த தகப்பன்களுக்கு அந்த ஆறுதலைக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

தொண்ணூறு வருஷங்களுக்கு மேல் இதைக் கேட்க ஆளில்லை. பிரிட்டனில் சில ஆராய்ச்சியாளர்கள் தோண்டியெடுத்தார்கள், 2019-இல் தொலைக்காட்சியில் ஓர் ஆவணப்படம் வந்தது, அதன் பிறகு ஆணையமே விசாரணைக் குழு போட்டது. 2021 ஏப்ரலில் வந்த அறிக்கை பூசி மெழுகாமல் ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரை சமமாக நினைவுகூரப்படவில்லை. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரைகூட, பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது எந்த விதத்திலும் நினைவுகூரப்படவில்லை. அவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்கர்கள், எகிப்தியர்கள், இந்தியர்கள். பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய பஞ்சாப் பதிவேடுகளில் 3,20,000 பேரின் விவரம் ஊர்வாரியாக இருப்பது தெரியவந்து, அதைக் கணினியில் ஏற்றும் வேலையும் அந்த வருஷமே வெளியே வந்தது. இன்று பஞ்சாபில் ஒரு பேரன் தன் ஊர்ப் பெயரைத் தட்டினால் பாட்டனின் பெயர் திரையில் வருகிறது. அந்தச் சிப்பாயோடு ஒரே கப்பலில் போன நம்மூர்க்காரருக்கு அப்படி ஒரு வழி செய்ய நாம்தான் கிளம்ப வேண்டும்.

நம்மவர்கள் மறக்கப்பட்டதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஒரு சிப்பாயை அரசு மறந்தாலும் அவனுடைய ரெஜிமெண்ட் மறக்காது. மெஸ்ஸில் பட்டியல் தொங்கும், வருஷத்துக்கு ஒரு நாள் பெயர் வாசிப்பார்கள். மதராஸ் பட்டாளங்களுக்கு அந்தக் கொடுப்பினையும் இல்லாமல் போனது. வீர இனம், வீரமில்லாத இனம் என்று ஆட்களைப் பிரித்த அந்தக் காலத்து இராணுவக் கொள்கையில் நம் பக்கத்து ஆட்களுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது. போர் நெருக்கியபோது மட்டும் தாராளமாக ஆள் எடுத்தார்கள். மதராஸ் மாகாணத்திலிருந்து சிப்பாய்களாகவும் பட்டாளத்துத் தொழிலாளர்களாகவும் 90,000-க்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். போர் முடிந்து பத்து வருஷத்துக்குள் மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தார்கள். 1933-இல் மதராஸ் பயனியர்களையும் கலைத்தார்கள். கர்நாடிக் இன்ஃபன்ட்ரி, வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி என்ற பெயர்களெல்லாம் அன்றோடு போயின. மதராஸ் ரெஜிமெண்ட் மறுபடி உருவானது அடுத்த உலகப் போர் வந்த பிறகுதான். பெயர் வாசிக்க வேண்டிய வீடே இடிந்துவிட்டது. மிஞ்சியது பெங்களூரில் இருக்கும் மதராஸ் சாப்பர்கள் மட்டும். இந்தியப் பட்டாளம் முழுக்க அவர்களைத் தம்பி என்று கூப்பிடும். நம் பக்கத்திலிருந்து போனவர்களில் எத்தனையோ பேர் அந்தத் தம்பிகள்தான்.

எங்கே போனார்கள் என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1914 நவம்பர் தொடக்கத்தில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கா துறைமுகத்தில் இறக்கிவிடப்பட்ட படையில் 63-ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரியும் 61-ஆம் பயனியர்களும் இருந்தார்கள். கடல் பயணத்தில் வாடி வந்தவர்களை இறக்கி, முன்பின் தெரியாத புதருக்குள் நடத்தினார்கள். அந்தச் சண்டை படுதோல்வி. பழி பெரும்பாலும் சிப்பாய் தலையில் விழுந்தது. மெசபடோமியாவில் மதராஸ் சாப்பர்கள் இருந்தார்கள். 1917 பிப்ரவரி 23 அன்று சும்ரான் வளைவில், எதிரி சுட்டுக்கொண்டே இருக்க, டைகிரிஸ் ஆற்றைக் கடந்த 14-ஆம் இந்திய டிவிஷனில் அவர்களும் உண்டு. துப்பாக்கி பிடிக்காதவர்களும் போனார்கள். சமையல்காரர், தண்ணீர் சுமப்பவர், கோவேறு கழுதை ஓட்டுபவர், டோலி தூக்குபவர், ரயில் பாதை போடுபவர். குண்டுபட்டுச் செத்தவர்களோடு காலராவிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் ஏராளம். போரில் பணியாற்றிய இந்தியர்கள் ஏறத்தாழ 13 லட்சம், மாண்டவர்கள் ஏறத்தாழ 74,000. 1914-இல் ஒரு காலாட்படைச் சிப்பாயின் மாதச் சம்பளம் 11 ரூபாய்.

இனி, நம் மண்ணிலேயே நிற்கும் வேறொரு கல்லைப் பாருங்கள். செங்கம் பக்கத்து எடுத்தனூரில் கிடைத்த நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்டது, ஏழாம் நூற்றாண்டு. கருந்தேவக்கத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கப் போய்ப் பட்டான் என்று அது சொல்கிறது. எந்த அரசன் காலம், யாருடைய ஆள், எதற்காகச் செத்தான், எல்லாம் அதில் இருக்கிறது. அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். கள்ளரைக் கடித்துத் தன் எசமானோடு நின்ற நாய். அந்த நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு மாட்டுச் சண்டையில் நின்ற நாயின் பெயர் நமக்குத் தெரிகிறது. நூறு வருஷத்துக்கு முன்னால் அதே சீமையிலிருந்து கப்பலேறிச் செத்த 14 பேரின் பெயர் தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. கல் நட்டால் பெயர் வெட்ட வேண்டும் என்பதை நம் ஊர்களுக்கு யாரும் வெளியிலிருந்து சொல்லித்தர வேண்டியதில்லை. வெட்டத் தெரிந்த ஊர்களில்தான் பெயரில்லாத பலகையைக் கொண்டுவந்து பதித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சபையில் இதைப் பேச எடுத்தால் ஒரு கேள்வி வரும், வரத்தான் வேண்டும். வெள்ளைக்காரனுக்காகச் சண்டை போட்டுச் செத்தவனுக்கு நாம் ஏன் கல் வைக்க வேண்டும்? 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் அந்த வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்த சிப்பாய்களுக்குத் தூண் வைத்திருக்கிறோமே, அவர்களும் இவர்களும் ஒன்றா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. என் பதில் இது. இவர்களில் யாரும் சாம்ராஜ்யத்தைத் தாங்கிப்பிடிக்கும் ஆசையில் போனதாக எனக்குத் தோன்றவில்லை. மழை பொய்த்த நிலம், வட்டிக்கடன், மாதம் தவறாமல் வரும் 11 ரூபாய், ஆள் பிடிக்க வந்தவர்களின் நெருக்குதல் ஆகியவைதான் கண் முன்னே நின்றிருக்கும். பெயர் வெட்டுவதால் அந்தப் போரை நாம் நியாயம் என்று சொல்லிவிட மாட்டோம். நம் பிள்ளைகள் இன்னார் என்று சொல்கிறோம், அவ்வளவுதான். அதோடு, எண்ணிக்கை போதும் என்று முடிவு செய்தது அந்தச் சாம்ராஜ்யம்தான். நாமும் எண்ணிக்கையோடு விட்டுவிட்டால் அவர்கள் எழுதிய கணக்கில் நாமே கையெழுத்துப் போட்டதாக ஆகிவிடும்.

இன்னொன்றையும் திறந்தே பேசிவிட வேண்டும். மதராஸ் சாப்பர்களிலும் பயனியர்களிலும் பறையர் சமூகத்தவர் பெருமளவில் இருந்தார்கள். பெயர்களைத் தேடப் போனால், ஊர்த் தெருவைவிடக் காலனியிலிருந்து அதிகப் பெயர்கள் வரலாம். வந்தால் மகிழ்ச்சியோடு வெட்டுங்கள். ஒரே கல்லில், ஒரே அளவு எழுத்தில், ஒரே வரிசையில். கல்லை எங்கே நடுவது என்ற பேச்சு வரும்போது, அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் தயங்காமல் வந்து நிற்கக்கூடிய இடமாகப் பாருங்கள். ஊராட்சி அலுவலக வாசல் எல்லோருக்கும் பொது. நூறு வருஷம் கழித்துச் செய்கிற காரியத்தில் பழைய பிரிவினைக்கு இடம் கொடுத்தால், செய்யாமல் விடுவதே மேல் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, தேடுவது எப்படி?

முதலில் வீடுகளில் தேடுங்கள். உங்கள் ஊரில் பட்டாளத்தார் வீடு என்று எந்த வீட்டைச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தப் பெயர் இன்னும் புழங்கும் வீட்டில் ஏதாவது ஒரு தடயம் இருக்க வாய்ப்புண்டு. குடியாத்தம் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தேன். குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்த ஆயா, சொம்பின் மேல் ஒரு வட்டத் தகட்டை மூடியாகப் போட்டு எடுத்துவந்தார். ஐந்து அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான வெண்கல வட்டு. சூலம் பிடித்த ஒரு பெண், காலடியில் சிங்கம். போரில் மாண்ட ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் பிரிட்டிஷ் அரசு அனுப்பிய நினைவு வட்டு அது. 13 லட்சத்துக்கு மேல் வார்த்தார்கள். ஒவ்வொன்றிலும் மாண்டவரின் பெயர் புடைப்பெழுத்தில், பதவி எதுவும் போடாமல் வெறும் பெயர். பொங்கலுக்குப் பொங்கல் புளி போட்டுத் தேய்த்துத் தேய்த்து எழுத்தின் விளிம்பு மழுங்கியிருந்தது, ஆனால் படிக்க முடிந்தது. இது யார் ஆயா என்று கேட்டேன். "எங்க மாமனாருக்கு மூத்தவராம்பா. பேரு யாருக்குத் தெரியும்? பட்டாளத்தாரு, பட்டாளத்தாருன்னுதான் சொல்லுவாங்கோ" என்றார். பெயர் இதிலேயே இருக்கிறது என்று வாசித்துக் காட்டினேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார். பிறகு உள்ளே இருந்த பேரனைக் கூப்பிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துவந்து எழுதிக்கொள்ளச் சொன்னார். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாகக் கையில் புழங்கிய பெயர். ஆங்கிலத்தில் இருந்ததால் யாரும் வாசிக்கவில்லை.

பதக்கங்களையும் பாருங்கள். வெள்ளியில் பிரிட்டிஷ் போர்ப் பதக்கம், தொழிலாளர் படையினருக்கு அதே பதக்கம் வெண்கலத்தில், கூடவே வெற்றிப் பதக்கம். முகப்பில் ஒன்றும் தெரியாது. காசைச் சுழற்றுவது போல விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். எண், பதவி, பெயர், பட்டாளம் எல்லாம் அந்த மெல்லிய விளிம்பில் பொறித்திருக்கும். பதக்கம் திரும்பி வந்தவருக்கும் உண்டு, வராதவருக்கும் உண்டு. அதனால் பதக்கத்தை மட்டும் வைத்து இறந்தவர் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. எத்தனையோ பதக்கங்கள் தட்டானிடம் உருகியிருக்கும், பழைய பித்தளைக்காரரிடம் போயிருக்கும். மிச்சம் இருப்பவையாவது போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகவும்தான் இந்த அவசரம்.

அடுத்து, போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளம். காசு எதுவும் கட்ட வேண்டாம். பாஸ்ராவில் கல்லில் ஏறாத சிப்பாய்களின் பெயர்கள்கூட அந்தப் பட்டியலில் ஏறியிருக்கின்றன. பெயரைப் போட்டுத் தேடுவது வீண் அலைச்சல், ஏனென்றால் ஒரே முனிசாமியை நாலு விதமான ஆங்கில எழுத்தில் எழுதியிருப்பார்கள். ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடுங்கள். கூடுதல் தகவல் என்ற இடத்தில் பலருக்கு இன்னாரின் மகன், இன்ன ஊர், இன்ன தாலுகா, வட ஆர்க்காடு, மதராஸ் என்று இருக்கும். இன்றைய மாவட்டப் பெயர் அங்கே செல்லாது. குடியாத்தம், ஆர்க்காடு, வாலாஜா, போளூர், செங்கம், ஆரணி, செய்யாறு, வந்தவாசி என்று அன்றைய தாலுகாக்களைப் போடுங்கள். சித்தூர் 1911-லேயே தனி மாவட்டமாகிவிட்டது. திருத்தணிப் பக்கம் 1960 வரை சித்தூரோடு இருந்தது. எல்லையோர ஊர்க்காரர்கள் அந்தப் பெயரிலும் தேட வேண்டும். ஊர்ப் பெயரும் வெள்ளைக்கார எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதியதுதான், ஆகவே வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை நம்மைவிட வேகமாகச் செய்வார்கள். தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வுபெற்றவர்கள் ஊரில் இருந்தால் அவர்களை முன்னால் நிறுத்துங்கள். கம்மவான்பேட்டையை இராணுவப்பேட்டை என்றே சொல்லுகிற சீமை இது, ஆளுக்கா பஞ்சம்? பட்டாள எண்ணையும் கம்பெனியையும் பார்த்தவுடன் அவர்களுக்குப் புரியும். பெங்களூரில் மதராஸ் சாப்பர்களின் மையத்துக்குக் கடிதம் எழுதவும் அவர்களே பொருத்தமானவர்கள். சென்னை எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. ஊராட்சியின் கடிதத்தோடு போய்க் கேட்டால் பழைய வட ஆர்க்காட்டுக் கோப்புகளில் தேடலாம்.

இரண்டு எச்சரிக்கை. பெயர் ஒத்துப்போகிறது என்பதற்காக அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள். கோவிந்தன்கள் எத்தனையோ பேர், ஒரே பெயரில் இரண்டு ஊர்களும் உண்டு. தகப்பன் பெயர், ஊர், தாலுகா ஒத்துப்போக வேண்டும், இல்லையென்றால் குடும்பத்தில் ஒரு பொருள் இருக்க வேண்டும். சந்தேகமானதைத் தனித் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தேடலைத் தொடருங்கள். மாறாக, கல்லில் 14 என்று இருந்து உங்களுக்கு 16 பேர் உறுதியாகக் கிடைத்தால் 16 பேரையும் வெட்டுங்கள். டோலி தூக்கியவரையும் தண்ணீர் சுமந்தவரையும் அன்றைக்கு எண்ணினார்களா என்பதே கேள்வி. பலகையின் எண்ணுக்காக ஒரு மனிதரை வெளியே நிறுத்த வேண்டாம்.

பழைய பலகையின் மேல் கை வைக்காதீர்கள். இதை மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். நான் பார்த்த ஒன்றின் மேல் அலுவலகத்துக்கு வெள்ளையடிக்கும்போதெல்லாம் சேர்த்து அடித்து, எழுத்தே தெரியவில்லை. இன்னொன்று, சாலை போடப் போடத் தரைமட்டம் ஏறி, கடைசி வரி மண்ணுக்குள் போய்விட்டது. மாண்டவர் எண்ணிக்கை இருக்கும் வரி அது. பளிங்கை ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது, உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, எழுத்துக்கு எனாமல் பெயிண்ட் அடிக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரும் மிருதுவான தூரிகையும் போதும், சுண்ணாம்பு கெட்டியாகப் பிடித்திருந்தால் தொல்லியல் துறையில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சாலை அகலப்படுத்த வரும்போது கல் தூக்கி எறியப்படாமல் இருக்க, அது இருக்கும் இடத்தை ஊராட்சிச் சொத்துப் பதிவேட்டில் இப்போதே ஏற்றிவிடுங்கள்.

பிரான்சில் அந்தப் போருக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா ஊரிலும் கல் வைத்தார்கள். நம் குக்கிராமம் அளவுள்ள ஊரிலும் பெயர்கள் வரிசையாக இருக்கும். வருஷா வருஷம் நவம்பர் 11 அன்று ஊர்த் தலைவர் முன்னால் நின்று பெயர்களை வாசிப்பது அங்கே இன்றும் வழக்கம். நமக்குத் தனியாக ஒரு நாளும் வேண்டாம். 2022 முதல் நவம்பர் 1 உள்ளாட்சி நாளிலும் கிராம சபை கூடுகிறது. வருகிற கூட்டத்தில் பொருள் வையுங்கள். தீர்மானம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. நம் ஊரிலிருந்து 1914 முதல் 1919 வரை பெரும்போருக்குச் சென்று மாண்டவர்களின் பெயர்களைத் திரட்ட ஐந்து பேர் கொண்ட குழு அமைப்பது, அதில் பெண்களும் காலனிக்காரர்களும் ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவரும் இருப்பது, அடுத்த ஆண்டு இதே நாளில் குழு பட்டியலைச் சபையில் வாசிப்பது, ஆட்சேபம் இருந்தால் மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தருவது, அதன் பிறகு கல் வெட்டுவது. தீர்மானப் புத்தகத்தில் இந்த வரிகள் ஏறினால் போதும், மற்றது தானாக நடக்கும்.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். நம் பக்கத்துக் கருங்கல் போதும், பளிங்கு வேண்டாம். தமிழில் வெட்டுங்கள். பெயர், தகப்பன் பெயர், பட்டாளம், மாண்ட இடம், ஆண்டு. தாய் பெயர் தெரிந்தால் அதையும் சேருங்கள். கல்லைத் திறந்துவைக்க யார் வந்தாலும் அவர் பெயரைப் பின்பக்கம் போட்டுக்கொள்ளலாம், முன்பக்கம் முழுதும் போனவர்களுக்கே இருக்கட்டும். கல்தச்சரிடம் சொல்லி அடியில் நாலைந்து வரிக்கு இடம் விட்டு வெட்டச் சொல்லுங்கள். இந்த வருஷம் கிடைக்காத பெயர் இன்னும் பத்து வருஷத்தில் யாராவது ஒரு பிள்ளைக்குக் கிடைக்கும். அப்போது புதுக் கல் தேடி அலைய வேண்டியிருக்காது.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்க்காரன்